இவனை உங்கள் கழகத்துக்கு யார் சொன்னது? – ஃபுட்பால் மனேஜரில் ஆள் தேடும் விதம்

திருகோணமலையில் மக்கெய்சர் மைதானத்திலோ ஏகாம்பரம் மைதானத்திலோ ஒரு போட்டி முடிந்ததும் கோட்டுக்கு வெளியே நடக்கிற பேச்சைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். "மூதூர்ப் பக்கம் இடதுகால் பொடியன் ஒருத்தன் நிக்கிறான்" என்று ஒருவர் தொடங்குவார். உடனே கேள்விகள் வரும். எந்த ஆட்டத்தில பார்த்தனீங்கள், எதிர்ப்பக்கம் ஆர், படிக்கிறவனா வேலைக்குப் போறவனா, எந்தக் கழகத்தில பதிவு, ஞாயிறு காலமை வருவானா? இவ்வளவும் கேட்டு முடித்த பிறகுதான் அவனைக் கூப்பிடுவதா வேண்டாமா என்ற பேச்சே.

அதே ஆட்கள் இரவில் மடிக்கணினியில், ஒரு கழகத்தின் முகாமையாளராக இருந்து ஆள் எடுத்து அணி நடத்தும் கணினி விளையாட்டான ஃபுட்பால் மனேஜரைத் திறந்ததும் இதெல்லாம் மறந்துபோகிறது. இணையத்தில் கிடக்கிற "அதிசயப் பொடியன்கள்" பட்டியல் ஒன்றை எடுத்து, இங்கிலாந்தின் நான்காம் பிரிவுக் கழகம் ஒன்றுக்கு எக்குவடோரில் இருந்து 17 வயதுக்காரனைக் கேட்கிறார்கள். அவன் வரமாட்டான். பணத்தைச் சேர்த்து வைத்திருந்தாலும் விதி விடாது. சரி, வேறு நாட்டுக் கழகம் ஒன்றை எடுத்து விளையாடி எப்படியோ எடுத்தும்விட்டார்கள் என்று வையுங்கள். மூன்று பருவத்தில் எல்லாருடைய அணியிலும் அதே பதினொரு முகங்கள். விளையாட்டு அங்கேயே செத்துப்போகும்.

இதற்கு மருந்தாக நான் சொல்வது ஒரே ஒரு கேள்வி. ஒருவனுக்கு விலை கேட்குமுன், "இவனை என் கழகத்துக்கு யார் சொன்னது?" என்று கேளுங்கள். ஸ்கவுட் (கழகத்துக்காக ஆட்டங்களுக்குப் போய் ஆள் பார்ப்பவர்) போய்ப் பார்த்தார், எங்களுக்கு எதிராக இரண்டு தடவை ஆடினான், முகாமையாளருக்கு முந்திய கழகத்திலேயே தெரிந்தவன், முகவர் பெயரைக் கொண்டுவந்தார், புள்ளிவிவரத்தில் தலை தூக்கினான். இவற்றில் எது வந்தாலும் விடைதான். "போன தடவை விளையாடும்போது இவன் பெரிய ஆளாக வந்தவன்" என்பது விடையல்ல.

நிஜ உலகத்தில் நல்ல வாங்கல்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. 2014 ஜனவரியில் லெஸ்டர் சிட்டி ரியாத் மஹ்ரேஸை லெ ஆவ்ரிலிருந்து அரை மில்லியன் பவுணுக்கும் குறைவாக எடுத்தது. அவர்களுக்கு ஆள் தேடிய ஸ்டீவ் வோல்ஷ் உண்மையில் பார்க்கப் போனது அதே அணியின் ரையன் மெண்டெஸை. போன இடத்தில் கண்ணில் பட்டவர்தான் மஹ்ரேஸ். 2012இல் சுவான்சி ராயோ வய்யெகானோவின் மிச்சுவை சுமார் 2 மில்லியனுக்கு எடுத்தபோது முகாமையாளராக இருந்தவர் ஸ்பானிய லீக்கை உள்ளும் புறமும் அறிந்த மைக்கல் லவுட்ரப். மிச்சு முதல் பருவத்தில் லீக்கில் 18 கோல் அடித்தார். செல்டிக் 2021–22 பருவத்தில் ஃபுருஹாஷி, மயெடா, ஹதாதே, இதெகுச்சி என்று ஜப்பானிய வீரர் நால்வரை எடுத்தது. முகாமையாளர் ஆஞ்ச் போஸ்டெகோக்லு அதற்கு முன் யோகோஹாமா எஃப் மரினோஸை நடத்தி 2019இல் ஜே லீக்கை வென்றவர். அந்த லீக் அவருக்குக் கைரேகை மாதிரித் தெரியும். இதை விளையாட்டுக்குள் அப்படியே கொண்டுவரலாம். உங்கள் முகாமையாளருக்கு நோர்வேயில் ஒரு பழைய வேலை இருந்தது என்று வைத்துக்கொண்டால் நோர்வே உங்கள் சந்தை. அப்படி எதுவும் இல்லையென்றால் அங்கே ஆள் எடுக்க முதலில் அங்கே பழகிய ஒரு ஸ்கவுட்டை வேலைக்கு எடுங்கள்.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

புது ஆட்டம் தொடங்கும் பக்கத்தில் வீரரின் குணஎண்களை (வேகம், தடுப்பாட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் 20க்கு இடும் எண்) மறைத்து வைக்கும் வசதி இருக்கிறது. அட்ரிபியூட் மாஸ்கிங் என்பார்கள். அதை நிறுத்தும் பெட்டியைத் தொடாதீர்கள். மறைப்பு இருந்தால்தான் ஸ்கவுட்டுக்குக் கொடுக்கிற சம்பளத்துக்கு அர்த்தம். அந்த எண்களை நடுவில் மாற்றவிடும் எடிட்டரைத் தடுக்கும் தெரிவை இடுங்கள். முதல் இடமாற்றக் காலத்தில் பெரிய வாங்கல் நடக்காமல் தடுக்கும் தெரிவையும் இட்டுவிட்டால், முதல் பருவத்தில் கையில் உள்ள அணியை ஆடவிட்டுப் பார்த்து, எது குறை என்று அறிந்த பிறகுதான் சந்தைக்குப் போவீர்கள். வேலைக்கு வந்த முதல் வாரமே பத்துப் பேரை மாற்றுகிற முகாமையாளர் நிஜத்தில் அபூர்வம்.

எத்தனை நாட்டு லீக்குகளை ஏற்றுவது என்பது எங்கள் பக்கத்துப் பழைய மடிக்கணினிகளுக்குப் பெரிய பிரச்சினை. நிறைய ஏற்றினால் ஒரு நாள் நகர ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கலாம். குறைய ஏற்றினால் தேடும் இடத்தில் ஆட்களே இருக்கமாட்டார்கள். ஏற்றாத நாட்டில் பெயர்பெற்ற சிலரைத் தவிர மற்றவர்கள் தரவுத்தளத்துக்கே வருவதில்லை. நடுவழி இது: நீங்கள் ஆடும் நாட்டையும் பக்கத்து நாட்டையும் முழுதாக ஏற்றுங்கள். ஆள் எடுக்க நினைக்கும் மூன்று நான்கு நாடுகளைப் பார்வைக்கு மட்டும் ஏற்றுங்கள். அப்படி ஏற்றிய லீக்கில் ஆழமான புள்ளிவிவரம் குறைவாகவே கிடைக்கும். ஆகவே அங்கே எண்ணைவிட ஸ்கவுட்டின் கண்ணை நம்ப வேண்டிவரும். அதுவும் நிஜம்தானே.

பெயர்கள் மனதில் பதிந்துபோனவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. வேலையில்லாத முகாமையாளராகத் தொடங்கி, விடுமுறையில் போய், விளையாட்டை இரண்டு மூன்று வருடம் தானாக ஓடவிடுங்கள். திரும்பி வரும்போது உங்களுக்குத் தெரிந்த பொடியன்கள் எல்லாம் கழகம் மாறி, காயப்பட்டு, விலை ஏறி இருப்பார்கள். இளைஞர் அணிகளில் விளையாட்டு தானே உருவாக்கிய புது வீரர்கள் வந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி எந்தப் பட்டியலும் கிடையாது.

தேவையை ஒரு வசனத்தில் எழுதுங்கள்

பெரும்பாலான பிழை தேடலில் நடப்பதில்லை, அதற்கு முன்னரே நடக்கிறது. "நல்ல இடது பின்கள வீரர் வேண்டும்" என்பது தேவை இல்லை, ஆசை. தேவை என்றால் இப்படி இருக்கும். இங்கிலாந்தின் மூன்றாம் பிரிவான லீக் வன் கழகம் ஒன்று. இப்போதுள்ள இடது பின்களத்தானுக்கு 31 வயது, ஒப்பந்தம் அடுத்த ஜூன் 30இல் முடிகிறது, எதிரணிகள் தூரக் கம்பப் பக்கம் உயரப் பந்து போட்டே கோல் அடிக்கின்றன. அப்படியானால் தேவை: வயது 22 முதல் 27, இடதுகால், உயரம் 180 சென்டிமீட்டருக்குக் குறையாமல், வாரச் சம்பளம் 3,500 பவுணுக்குள், வந்த நாளே ஆடக்கூடியவன், கடந்த பருவத்தில் 2,000 நிமிடமாவது ஆடியவன். அந்தப் பிரிவில் 46 ஆட்டம், மொத்தம் 4,140 நிமிடம். அதில் கிட்டத்தட்டப் பாதிகூட நிற்காதவனை "உடனே ஆடுவான்" என்று சொல்லமுடியாது.

ஸ்குவாட் பிளானர் பக்கத்தில் இந்த வருடம், அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று ஒவ்வொரு இடத்துக்கும் பெயர்களை இட்டுப் பாருங்கள். வெறுமை எங்கே விழுகிறதோ அதுதான் வாங்க வேண்டிய இடம். அடுத்த வருடம் வெறுமையாகும் இடத்துக்கு இப்போதே தேடத் தொடங்கினால் பேரம் பேச ஒரு வருடம் இருக்கும். இடமாற்றக் காலத்தின் கடைசி நாள் தேடினால் விற்பவர் சொல்வதுதான் விலை.

ஊருக்கே தெரிந்ததை வைத்து வடிகட்டுங்கள்

தேடல் பக்கத்தைத் திறந்ததும் எல்லாரும் செய்வது வேகம் 15, குறுக்குப்பந்து 14, தடுப்பாட்டம் 13 என்று எண்களைப் போடுவது. நிஜத்தில் எந்தக் கழகத்துக்கும் அப்படி ஒரு வசதி இல்லை. வயது, நாடு, உயரம், எந்தக் கால், ஒப்பந்தம் முடியும் நாள், ஆடிய நிமிடம், தேசிய அணி ஆட்டங்கள், இடமாற்றப் பட்டியலில் போட்டிருக்கிறார்களா என்பவை எல்லாருக்கும் தெரிந்த விஷயங்கள். வடிகட்டிக்கு இவற்றை மட்டும் பாவியுங்கள். குணஎண்களை ஸ்கவுட் அறிக்கை வந்த பிறகு பாருங்கள். இந்த ஒரு பழக்கமே தேடலின் சுவையை மாற்றிவிடும். வடிகட்டிய பிறகு முப்பது நாற்பது பெயர் நிற்கும். அதில் இருபதை ஸ்கவுட்டிடம் கொடுக்க, ஐந்தாறு தேறும்.

நிமிடக் கணக்கை இந்தப் பருவத்துக்கு மட்டும் போடாதீர்கள். ஒக்டோபரில் தேடினால் யாருமே 2,000 நிமிடம் ஆடியிருக்கமாட்டார்கள், வடிகட்டி வெறுமையாக வரும், "ஆளே இல்லை" என்று நினைத்து எல்லையைத் தளர்த்திவிடுவீர்கள். போன பருவத்தைத் திறந்து பாருங்கள்.

அடுத்ததாக, "எங்கள் திட்டத்தில் இல்லை" என்ற நிலையில் இருப்பவர்களைப் பாருங்கள். முகாமையாளர் மாறிய கழகங்களில் இவர்கள் கொத்துக்கொத்தாகக் கிடைப்பார்கள். நேற்றுவரை இரண்டு பக்கத்திலும் விங்கர் வைத்து ஆடிய அணிக்கு மூன்று பின்களத்தாரோடு ஆடும் ஒருவர் முகாமையாளராக வந்தால் நான்கு விங்கருக்கு வேலை போகும். அவர்கள் ஆட்டத்தில் குறையில்லை, இடம்தான் இல்லை. பிரிவு இறங்கிய கழகங்களும் அப்படித்தான். அங்கே சிலருடைய ஒப்பந்தத்தில், இறங்கினால் இன்ன விலைக்குப் போகலாம் என்ற விடுவிப்பு வாசகம் இருக்கும். ஸ்கவுட் அறிக்கையில் அது தெரியவரும்.

நாட்காட்டியும் கடவுச்சீட்டும்

இதில்தான் எனக்கு அதிக விருப்பம். ஏனென்றால் சின்னக் கழகத்துக்கு மலிவாகக் கிடைக்கிற இடம் இதுதான்.

இங்கிலாந்தில் ஒப்பந்தங்கள் ஜூன் 30இல் முடிகின்றன. நோர்வே, சுவீடன், பின்லாந்து, அயர்லாந்து ஆகியவற்றில் பருவம் வசந்தத்தில் தொடங்கிக் குளிருக்கு முன் முடிகிறது. ஆகவே ஒப்பந்தங்களும் பெரும்பாலும் வருடக் கடைசியில்தான் முடியும். பிரேசிலிலும் அப்படித்தான். ஃபிஃபாவின் விதிப்படி ஒப்பந்தத்தில் ஆறு மாதமோ அதற்குக் குறைவோ மிஞ்சியிருந்தால் அந்த வீரர் வேறு கழகத்தோடு முன்கூட்டியே உடன்படலாம். எல்லாரும் ஜனவரி 1இல் ஐரோப்பாவின் பெரிய லீக்குகளில் இலவச ஆட்களைத் தேடி மொய்ப்பார்கள். நீங்கள் ஜூலை 1ஐக் குறித்து வையுங்கள். அன்று ஸ்கண்டிநேவியாவைத் திறந்து, டிசம்பரில் ஒப்பந்தம் முடிபவர்களை வடிகட்டுங்கள். போட்டியாளர் குறைவு. வருகிறவன் ஜனவரியில் வந்து சேர்வான். அதன் குறையும் இருக்கிறது. ஒரு முழுப் பருவம் ஆடி முடித்த காலோடு வந்து, ஓய்வில்லாமல் அடுத்த அரைப்பருவத்தில் இறங்குவான். முதல் சில வாரங்கள் அரை ஆட்டத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஏப்ரலில் தசை கிழிந்து படுத்தால் ஸ்கவுட்டைத் திட்டி வேலையில்லை.

காசு கொடுத்து வாங்குவதாக இருந்தாலும் இதே நாட்காட்டி உதவும். ஓகஸ்டில் கேட்டால் அவர்கள் பருவத்தின் நடுவில் நிற்கிறார்கள், முக்கியமானவனை விட மனம் வராது, விலையை ஏற்றுவார்கள். அவர்கள் லீக் முடிந்த டிசம்பரில் பேசினால் குரல் இறங்கியிருக்கும்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்ட பிறகு, 2021 தொடக்கத்திலிருந்து, இங்கிலாந்துக் கழகங்கள் வெளிநாட்டு வீரருக்கு ஜிபிஈ என்ற அங்கீகாரம் பெறவேண்டும். தேசிய அணியில் ஆடிய பங்கு, லீக்கில் ஆடிய நிமிடம், அந்த லீக்கின் தரம், கண்டப் போட்டிகள் என்று புள்ளி சேரும். 15 வந்தால் சரி. 2023இல் இதற்கு ஒரு தளர்வு வந்தது. பிரீமியர் லீக், சம்பியன்ஷிப் கழகங்களுக்கு அதிகபட்சம் நான்கு பேரும் லீக் வன், லீக் டூ கழகங்களுக்கு இரண்டு பேரும் புள்ளி போதாமலேயே வரலாம். அதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஆக, லீக் வன் கழகம் ஒன்றுக்கு நிஜமான வெளிநாட்டுச் சந்தை என்பது இரண்டே இரண்டு கதிரை. அதில் ஒன்றைக் கற்றுக்குட்டிக்குக் கொடுத்து வீணாக்காதீர்கள்.

அந்த 17 வயது எக்குவடோர்க்காரன் ஏன் வரமாட்டான் என்றால், ஃபிஃபாவின் விதியில் 18 வயதுக்குக் குறைந்தவரின் நாடு தாண்டிய இடமாற்றம் பொதுவாகத் தடை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதில் இருந்து சலுகை உண்டு. பிரிட்டன் இப்போது அதற்கு வெளியே. இதன் விளைவு அயர்லாந்தில் தெரியும். முன்பெல்லாம் அயர்லாந்துப் பொடியன்கள் 16 வயதிலேயே இங்கிலாந்துக்குப் போய்விடுவார்கள். இப்போது பெரும்பாலானோர் 18 வரை சொந்த நாட்டு லீக்கில் நிற்கிறார்கள், வளர்ந்தவர்களோடு ஆடுகிறார்கள். அயர்லாந்துக் கடவுச்சீட்டுக்கு இங்கிலாந்தில் வேலை அனுமதி தேவையில்லை. லீக் வன், லீக் டூ கழகத்தோடு விளையாடுகிறவர்கள் அயர்லாந்து லீக்கை ஏற்றாமல் இருப்பது, கொட்டியாரக்குடாக் கரையில் இருந்துகொண்டு ரின்மீன் வாங்குவது மாதிரி.

இரண்டாவது குடியுரிமையையும் பாருங்கள். தேடலில் இரண்டாம் நாடாக அயர்லாந்தையோ ஸ்கொட்லாந்தையோ போட்டால், வேறு நாட்டில் ஆடும் சிலர் எதிர்பாராமல் வருவார்கள். அனுமதி கிடைக்காதவனை எடுத்து வெளியே இரவல் கொடுப்பதும் நிஜ வழிதான். பிரைட்டன் 2021இல் கவோரு மிதோமாவை கவசாகி ஃப்ரொன்டாலேயில் இருந்து எடுத்து, பெல்ஜியத்தின் யூனியன் சன் ஜில்வாஸுக்கு ஒரு வருடம் அனுப்பிவிட்டுத்தான் இங்கிலாந்தில் இறக்கியது. ஆனால் அது பணமும் பொறுமையும் உள்ள கழகத்தின் வேலை.

எண் சொல்வதும் சொல்லாததும்

விளையாட்டுக்குள் புள்ளிவிவரங்களைத் தொகுத்துக் காட்டும் டேட்டா ஹப் வந்த பிறகு புள்ளிவிவரம் பார்த்து ஆள் எடுப்பது எளிதாகிவிட்டது. எளிதாக ஏமாறவும் செய்கிறார்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

முதலாவது முன்கள வீரர்: 18 கோல், 2,700 நிமிடம். இரண்டாவது ஆள்: 9 கோல், 1,530 நிமிடம். பட்டியலில் கண் போவது 18க்கு. 90 நிமிடத்துக்கு என்று பிரித்தால் முதலாமவருக்கு 30 முழு ஆட்டம், 0.60. இரண்டாமவருக்கு 17 முழு ஆட்டம், 0.53. இன்னும் முதலாமவரே மேல். இனிப் பெனால்டியைக் கழியுங்கள். முதலாமவரின் 18இல் 6 பெனால்டி. மிஞ்சுவது 12, அதாவது 0.40. இரண்டாமவர் பெனால்டியே அடிக்கவில்லை, அதே 0.53. ஆகா, இவன்தான் மறைந்திருந்த மாணிக்கம் என்று இங்கேயே விலை கேட்கப் போகிறவர்கள்தான் அதிகம். இன்னும் ஒரு படி இருக்கிறது. கிடைத்த வாய்ப்புகளின் தரத்தை வைத்து எத்தனை கோல் வந்திருக்கவேண்டும் என்று கணிப்பது எதிர்பார்ப்புக் கோல், அதாவது எக்ஸ்ஜி. பெனால்டி தவிர்த்தால் அது முதலாமவருக்கு 12.9, இரண்டாமவருக்கு 5.1. முதலாமவர் 90 நிமிடத்துக்கு 0.43 அளவு வாய்ப்புக்குள் போகிறார், கிட்டத்தட்ட அதே அளவு அடிக்கிறார். இரண்டாமவர் 0.30 அளவு வாய்ப்பில் 0.53 அடித்திருக்கிறார். அடுத்த பருவத்தில் அது 0.30 பக்கம் இறங்கவே வாய்ப்பு அதிகம். கடைசியில் ஆள் முதலாமவர்தான், ஆனால் 18 கோல் விலைக்கு அல்ல, 12 கோல் விலைக்கு.

900 நிமிடத்துக்குக் குறைந்த எந்த எண்ணையும் பேச்சுக்கு எடுக்காதீர்கள். பந்தை வைத்தே ஆடாத அணியின் நடுக்கள வீரருக்குத் தடுப்பாட்ட எண் ஏறித்தான் இருக்கும், ஏனென்றால் அவர்கள் நாள் முழுக்கத் தடுக்கிறார்கள். அவரை அதே அணியின் மற்ற நடுக்களத்தாரோடு ஒப்பிடுங்கள். பக்கத்தில் நிற்பவரைவிட இரண்டு மடங்கு எடுக்கிறார் என்றால் அது அவருடைய திறமை.

ஸ்கவுட் என்ற மனிதர்

ஸ்கவுட்டை எடுக்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு எண்: வீரரின் இப்போதைய திறனை எடைபோடும் எண், வளர்ச்சியை எடைபோடும் எண். இரண்டும் 20க்குக் கணக்கு. உடனே ஆட ஆள் தேடும் கழகத்துக்கு முதலாவது பெரிதாக இருக்கட்டும். இளைஞரை வாங்கி விற்கும் கழகத்துக்கு இரண்டாவது. வெளிநாட்டுக்கு அனுப்புகிறவருக்கு, புது இடத்துக்குப் பழகும் திறனைக் காட்டும் இசைவாக்க எண்ணையும் பாருங்கள். அவருக்கு ஏற்கெனவே பழக்கமான நாடுகள் எவை என்று அவர் பக்கத்திலேயே இருக்கும். ஒரே மாதிரி ஐந்து பேரை வைத்திருப்பதைவிட, வேறு வேறு நாடு தெரிந்த மூன்று பேர் மேல்.

"உலகம் முழுக்கத் தேடு" என்று விட்டால் வருவதெல்லாம் வாங்கமுடியாத பெயர்கள். ஸ்கவுட்டுக்குத் தேடும் வேலையை ஒதுக்கும் ரெக்ரூட்மென்ட் ஃபோகஸ் பக்கத்தில் அந்த ஒரு வசனத் தேவையை அப்படியே இடுங்கள்: இடம், ஆட்டப் பங்கு, வயது, நாடு. அதற்கு ஒருவரை நியமித்து, இரண்டு மூன்று மாதம் விடுங்கள். தென்னமெரிக்க 20 வயதுக்குட்பட்டோர் போட்டி போன்றவற்றுக்கு ஒருவரை அனுப்பினால், கண்டத்தின் நல்ல பொடியன்கள் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்த்துவிடுவார். வேலை அனுமதிப் பிரச்சினை குறைந்த போர்த்துக்கல், பெல்ஜியம் போன்ற நாட்டுக் கழகத்தோடு ஆடுகிறவர்களுக்கு இது கைகொடுக்கும்.

அறிக்கையில் நட்சத்திரம் உங்கள் அணியோடு ஒப்பிட்டுத்தான் வருகிறது. நான்காம் பிரிவில் நாலு நட்சத்திரம் காட்டுகிறவன் நீங்கள் இரண்டு பிரிவு ஏறியதும் ஒன்றரைக்கு இறங்குவான். அவன் கெட்டுப்போகவில்லை, உங்கள் அணி வளர்ந்துவிட்டது. நான் நட்சத்திரத்தைவிடக் கீழே இருக்கும் நன்மை தீமை வரிகளைத்தான் முதலில் வாசிப்பேன். விளையாட்டு எண்ணாகக் காட்டாத விஷயங்கள் அங்கேதான் கசியும்: ஒரே சீராக ஆடமாட்டான், பெரிய ஆட்டத்தில் சுருங்குவான், அடிக்கடி காயப்படுவான். குணத்துக்கு ஒரு பெயர் இருக்கும். புரொஃபெஷனல், ரெசொல்யூட், மொடல் சிட்டிசன் என்று இருந்தால் வளர்ச்சிக்கு நல்லது. ஸ்லாக், கஷுவல் என்று இருந்தால் 19 வயதில் எவ்வளவு பளபளத்தாலும் கொஞ்சம் யோசியுங்கள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் செதிலின் மினுக்கத்துக்குக் காசு கொடுப்பார்களா?

ஒரே அறிக்கையில் முடிவெடுக்காதீர்கள். முதல் பார்வையில் எண்கள் இடைவெளியாக வரும், 9 முதல் 14 வரை என்பது மாதிரி. அந்த நிலையில் 14 என்று நினைத்து வாங்கினவர்கள் 9ஐத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவனைப் பற்றிய அறிவு 100 சதவீதம் ஆகும்வரை தொடர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இலவசம் என்பது எவ்வளவு

கழகத்துக்கு விலை கேட்டு எழுதுமுன் முகவரிடம் பேசுங்கள். ஆள் வருவானா, என்ன சம்பளம் கேட்பான், கழகம் எவ்வளவுக்கு விடும் என்று சுமாராகச் சொல்லிவிடுவார். சம்பளமே ஒத்துவராது என்றால் மற்றதெல்லாம் வீண் வேலை.

இலவச இடமாற்றம் என்ற சொல்லுக்கு மயங்குகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. 23 வயதுக்காரன் ஒருவன்: விலை 400,000 பவுண், வாரம் 4,000, மூன்று வருடம். சம்பளம் மட்டும் 624,000. முகவருக்கு 60,000. மொத்தம் 1,084,000. ஒப்பந்தம் முடிந்த 30 வயதுக்காரன்: விலை இல்லை, ஆனால் அது தெரிந்தே வாரம் 6,500 கேட்கிறான். மூன்று வருடத்துக்கு 1,014,000. கைச்சாத்துப் பணம் 150,000, முகவருக்கு 100,000. மொத்தம் 1,264,000. இலவசக்காரன் 180,000 பவுண் கூட. மூன்று வருடம் கழித்து 33 வயதில் அவனை வாங்க ஆள் இல்லை. மற்றவன் 26இல் நல்ல விலைக்குப் போவான். அதோடு, 6,500 வாங்குகிறவன் உடைமாற்றும் அறைக்குள் நுழைந்ததும் 4,500க்கு ஆடிக்கொண்டிருந்த உங்கள் அணித்தலைவர் உங்கள் கதவைத் தட்டுவார்.

இங்கிலாந்துக்குள் ஒப்பந்தம் முடிந்தவன் என்றாலும் 24 வயதுக்குக் குறைந்தவனாக இருந்து, பழைய கழகம் புது ஒப்பந்தம் கொடுக்க முன்வந்திருந்தால், அவனை வளர்த்ததற்கு நட்டஈடு கொடுக்க வேண்டிவரும். இதை மறந்து "சும்மா வருகிறான்" என்று நினைத்து வரவுசெலவைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

விலையை ஒரே தொகையாகக் கொடுக்கத் தேவையில்லை. 900,000 கேட்கிற கழகத்திடம் 450,000 கையில், 250,000 இரண்டு வருடத் தவணையில், 100,000 அவன் 20 லீக் ஆட்டம் ஆடிய பிறகு, அடுத்த விற்பனை இலாபத்தில் 15 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள். "இலாபத்தில்" என்பதைக் கவனியுங்கள். "அடுத்த விற்பனையில்" 15 என்று ஒப்புக்கொண்டால் நட்டத்துக்கு விற்றாலும் பங்கு போகும். தவணைக்கும் எல்லை வேண்டும். மூன்று பருவம் தவணையிலேயே வாங்கினால் நான்காம் பருவத்தின் பணம் தொடங்குமுன்னரே முடிந்திருக்கும்.

பிழைக்கும் இடங்கள்

ஆள் நல்லவன், விலை சரி, ஆனாலும் கவிழ்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் ஆட்டப் பங்கு. மூன்று பின்களத்தாரோடு, பக்கவாட்டில் மேலும் கீழும் ஓடும் விங்பாக்காக ஆடிய ஒருவனை நாலு பேர் வரிசையில் நிறுத்தினால், அவனுடைய நல்ல எண்கள் எல்லாம் மைதானத்தின் மறுபாதியில் கிடக்கும். எங்கே, எந்தப் பங்கில் அந்த நிமிடங்களை ஆடினான் என்று பார்த்து எடுங்கள்.

அடுத்தது வாக்கு. ஆளைச் சேர்க்கிற அவசரத்தில் "முக்கிய வீரர்" என்ற இடத்தை எல்லாருக்கும் அள்ளிக்கொடுத்துவிட்டு, டிசம்பரில் நாலு பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அணி வீரர் என்ற இடத்தில் தொடங்கி, அவன் கேட்டால் ஒரு படி ஏறுங்கள்.

மொழியும் ஒன்று. ஒரே காலத்தில் ஐந்து நாட்டில் இருந்து ஐந்து பேரை இறக்கினால் அணி ஒன்றுசேர மாதங்கள் எடுக்கும். செல்டிக் அந்த நால்வரை ஒரே நாட்டில் இருந்து எடுத்ததில் இந்த வசதியும் இருந்தது. ஒரே மொழி பேசும் இரண்டு பேராக எடுப்பது நல்ல பழக்கம்.

பிரீமியர் லீக்வரை ஏறிவிட்டால் 25 பேர் பட்டியலில் உள்நாட்டில் வளராதவர்கள் 17க்கு மேல் போகமுடியாது. 21 வயதாகும் பருவம் முடியுமுன் இங்கிலாந்திலோ வேல்ஸிலோ மூன்று பருவம் பதிவில் இருந்தவனே உள்நாட்டில் வளர்ந்தவன் என்று கணக்கு. கடவுச்சீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 18 வயதில் நீங்கள் எடுத்த அயர்லாந்துப் பொடியன் 21 ஆகும்போது இந்தக் கணக்குக்குள் வந்துவிடுவான். பத்தொன்பதரையில் எடுத்தவன் வரமாட்டான்.

கடைசி ஐந்து பேரில் ஒருவனை எடுத்த பிறகு மற்ற நாலு பேரையும் அழித்துவிடாதீர்கள். ஷோர்ட்லிஸ்டில் இடும்போது எவ்வளவு காலத்துக்கு என்று கேட்கும். ஒரு வருடம் என்று இடுங்கள். ஒருவன் பட்டியலில் போடப்படுவான், ஒருவனுடைய கழகம் பிரிவு இறங்கும், ஒருவனுடைய ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு வரும். செய்தி தானாக உங்கள் பெட்டிக்கு வந்து சேரும். அறிக்கை ஏற்கெனவே கையில் இருக்கிறது, முகவர் சொன்ன சம்பளமும் தெரியும்.